கொண்டாட்டக் கன்ட்ரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வட கரோலினாவில் நெடுங்காலமாக வசித்து வருகிறேன். பாடகர் ஜானி கேஷ் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் கன்ட்ரி என்னும் அமெரிக்கத் தென்மாநில நாட்டுப்புற மரபிசையைப் பொறுமையாகக் கேட்கத் தொடங்கினேன். அந்தக் கட்டுரையில் ‘பின்னர் வந்த கொண்டாட்டப் பாடகர்கள்’ என்று ஒரே வரியில் ஒரு தலைமுறையைக் கடந்து போயிருந்தீர்கள். என் மகனுக்கு அதில் வருத்தம். பள்ளி நாட்களில் அவன் காரில் ஓயாமல் ஒலித்தவை ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் இரட்டையரின் பாடல்கள்தாம். எனக்கோ அவையெல்லாம் ஒரே பாட்டாகவே கேட்கும்: டிரக், ஆற்றங்கரை, பீர், ஜீன்ஸ் அணிந்த ஒரு பெண். ஆனால் கன்ட்ரி வரலாற்றின் பழைய சாதனைகளை முறியடித்தவர்கள் அவர்கள் என்கிறான் அவன்.

அவர்கள் பாடியது கன்ட்ரிதானா? அந்த வெற்றி இசைக்குக் கிடைத்ததா, வியாபாரத்துக்குக் கிடைத்ததா? அவ்வளவு உயரத்தை எட்டியவர்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏன் பிரிந்தார்கள்? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், சார்லட்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கட்டுரை கேஷைப் பற்றியது என்பதால் மற்றவர்களுக்கு அதில் இடமில்லை. உங்கள் மகனுக்காகவாவது இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

‘இது கன்ட்ரிதானா’ என்ற கேள்வி அந்த இசையளவுக்கே பழையது. 1927இல் டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பீர் என்ற தயாரிப்பாளர் நடத்திய ஒலிப்பதிவுகளைத்தான் கன்ட்ரியின் தொடக்கம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அங்கே பதிவு செய்யப்பட்ட பாடகர் ஜிம்மி ரோஜர்ஸ் மூன்றே ஆண்டுகளில் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தோடு சேர்ந்து, கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் பாடினார். கன்ட்ரியின் அடையாளமாக நாம் நினைக்கும் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்தது. 1930களில் பாப் வில்ஸ் டெக்சாஸின் நடனக் கூடங்களுக்காக ஜாஸையும் பிடிலையும் கலந்தார். அவருடைய குழு 1944இல் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் மேடைக்கு டிரம்மைக் கொண்டுவந்தபோது, அது மரபுக்குப் புறம்பானது என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது. ஆகவே ராப்பைக் கலந்தார்கள், ராக்கைக் கலந்தார்கள் என்பதற்காக ஒருவரைக் கன்ட்ரிக்கு வெளியே நிறுத்த முடியாது. அப்படி நிறுத்தினால் உள்ளே மிஞ்சுபவர்கள் மிகச் சிலரே. இந்த இரட்டையர் மீது எனக்கு விமர்சனம் உண்டு. அது கலப்பைப் பற்றியது அல்ல.

ஃப்ளோரிடாவின் ஆர்மண்ட் பீச்சைச் சேர்ந்த பிரையன் கெல்லியும் ஜார்ஜியாவின் மன்றோவைச் சேர்ந்த டைலர் ஹப்பர்டும் கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லில் பெல்மான்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, வளாகத்தின் வழிபாட்டுக் குழு ஒன்றின் வழியாகப் பழக்கமானவர்கள். குடியும் கூத்துமாகப் பாடிப் பெயர் பெற்றவர்கள் பிரார்த்தனைப் பாடல்களில் தொடங்கினார்கள் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் கூட்டத்தை ஒரே குரலாகச் சேர்ந்து பாடவைக்கும் பல்லவியை எப்படிக் கட்டுவது என்பதை இன்றைய அமெரிக்கத் தேவாலய மேடையைவிட நன்றாகக் கற்றுத்தரும் இடம் வேறில்லை என்பது என் எண்ணம். 2010 வாக்கில் இருவரும் குழுவானார்கள். ஒரு வட்டாரச் சந்தையில் அவர்கள் பாடுவதைக் கேட்டு அழைத்துக்கொண்டவர் ஜோயி மோய் என்ற கனடிய ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர். நிக்கல்பேக் என்ற ராக் குழுவின் பெருவெற்றிகளில் பங்குள்ளவர் அவர். இந்த இரட்டையரின் கதையில் மூன்றாவது ஆள் அவர்தான்.

2012இல் வெளிவந்த ‘குரூஸ்’ பாடலைக் காதொலிப்பானில் ஒருமுறை கவனமாகக் கேட்டுப் பாருங்கள். முன்னிசை கிடையாது, எடுத்த எடுப்பிலேயே பல்லவி. வானொலி அலைவரிசையை மாற்றப் போகிறவரின் விரலை நிறுத்திவைக்கும் உத்தி அது. ஹப்பர்டின் மூக்கொலி கலந்த தென்மாநிலக் குரல் முன்னால் நிற்க, கெல்லியின் குரல் அதன் மேல் இணையாக ஒட்டிச் செல்கிறது. பின்னால் வருவது கன்ட்ரி கிட்டார் அல்ல, மோய் ராக்கிலிருந்து கொண்டுவந்த, அடுக்கடுக்காகப் பதிவு செய்யப்பட்ட மின்கிட்டார்களின் சுவர். பாஞ்சோ அதில் இலையின் ஓரத்தில் வைத்த ஊறுகாய் அளவுக்குத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லாவிட்டால் பந்தி கன்ட்ரிப் பந்தி ஆகாது. பாட்டில் வரும் பெண் பாடுவது மார்ஷல் டக்கர் குழுவின் பாட்டை. அது 1970களில் தென் கரோலினாவிலிருந்து வந்த தென்மாநில ராக் குழு. நாங்கள் எந்த வழியில் வந்தவர்கள் என்று ஒரே சொல்லில் தங்கள் முன்னோரைச் சுட்டிவிட்டுப் பாட்டு நகர்ந்துவிடுகிறது. இதைத் திறமையில்லாதவர்களின் வேலை என்று என்னால் சொல்ல முடியாது.

இனி வியாபாரம். உங்கள் மகன் சொல்லும் சாதனை உண்மையானது. பில்போர்ட் என்ற அமெரிக்க இசை இதழின் ஹாட் கன்ட்ரி சாங்ஸ் பட்டியலில் எடி ஆர்னால்ட், ஹாங்க் ஸ்நோ, வெப் பியர்ஸ் ஆகிய மூவரும் 1940, 50களில் தலா ஒரு பாட்டோடு 21 வாரம் முதலிடத்தில் இருந்தனர். அரை நூற்றாண்டுக்கு மேல் அசையாமல் நின்ற அந்த எல்லையை ‘குரூஸ்’ 24 வாரங்களால் கடந்தது. ஆனால் 2012 அக்டோபரில், அந்தப் பாட்டு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பில்போர்ட் தன் கணக்கிடும் முறையை மாற்றியது. அதுவரை கன்ட்ரி வானொலிகளில் ஒலிப்பது மட்டுமே கணக்கில் வந்தது. அதன் பின் இணைய விற்பனை, இணையத்தில் கேட்பது, எல்லா வகை வானொலிகளிலும் ஒலிப்பது ஆகிய அனைத்தும் சேர்ந்தன. 2013இல் ராப் பாடகர் நெல்லியைச் சேர்த்து ஒரு மறுவடிவம் வந்து பாப் வானொலிகளில் ஓயாமல் ஒலித்தபோது, அந்த ஒலிபரப்பும் கன்ட்ரிப் பட்டியலின் கணக்கில்தான் ஏறியது. முன்பே 1970களிலோ 80களிலோ இந்த விதி இருந்திருந்தால் பழைய எல்லை அதுவரை நின்றிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. ஆயினும் விதியை மாற்றியவர்கள் இவர்கள் அல்லர். மாறிய விதிக்கு ஏற்ற பாட்டோடு சரியான நேரத்தில் வாசலில் நின்றவர்கள். கன்ட்ரிப் பாடல்களில் முதன்முதலாக, ஒரு கோடி விற்பனைக்கான ‘டயமண்ட்’ சான்று பெற்றதும் அதே பாட்டுதான். ஆகவே இசையா வியாபாரமா என்ற உங்கள் கேள்விக்கு, இரண்டையும் பிரிக்க முடியாத ஒரு தருணம் என்பதே என் பதில்.

அந்த வெற்றிக்குப் பின் நாஷ்வில் முழுவதும் அதே அச்சில் பாட்டு வார்க்கத் தொடங்கியது. 2013 ஆகஸ்டில் நியூயார்க் இதழில் ஜோடி ரோசன் என்ற விமர்சகர் இந்தப் போக்குக்கு ‘ப்ரோ-கன்ட்ரி’ என்று பெயரிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பாடலாசிரியர் ஒருவர் அக்காலத்தின் ஆறு வெற்றிப் பாடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒலிக்கச் செய்து, அவை ஒரே பாட்டுப் போல இசைந்து போவதைக் காட்டினார். ஆறில் ஒன்று இந்த இரட்டையருடையது. உங்கள் காது உங்களை ஏமாற்றவில்லை.

என் விமர்சனம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. குடியும் கொண்டாட்டமும் கன்ட்ரிக்குப் புதியவை அல்ல. மதுவிலக்கு நீங்கிய 1933க்குப் பின் பெருகிய ஹாங்கி-டாங்க் மதுக்கடைகளில்தான் அதன் ஒரு பெரும் கிளை வளர்ந்தது. ஆனால் அந்தப் பாடல்களில் குடிக்கு ஒரு விலை உண்டு. 1970இல் ஜானி கேஷ் பாடி முதலிடம் பெற்ற, கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன் எழுதிய ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தலை வலிக்க எழுந்து, இருக்கும் அழுக்குச் சட்டைகளில் அழுக்குக் குறைந்ததைத் தேடி எடுத்து அணிந்து தெருவில் இறங்குபவனுக்கு, யார் வீட்டிலோ கோழி பொரிக்கும் வாசனை வருகிறது. தான் எதை இழந்தோம் என்பது அந்த வாசனையில் அவனுக்குத் தெரிகிறது. ஃப்ளோரிடா ஜார்ஜியா லைனின் தொடக்க காலப் பாடல்களில் அந்தக் காலை வருவதே இல்லை. எப்போதும் வெள்ளிக்கிழமை இரவு. எப்போதும் டிரக்கின் பின்கதவு இறக்கிவிடப்பட்டிருக்கிறது. யாருக்கும் வேலை இல்லை, கடன் இல்லை, வயது ஏறுவதில்லை. அந்தப் பெண்ணுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. 2014இல் மேடி அண்டு டே என்ற இரு இளம்பெண்கள் அந்தப் பெயரற்ற பெண்ணின் வாயால் இந்தப் பாடல்களைக் கிண்டல் செய்து பாடி வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். அந்தக் கிண்டலை வெளியிட்டதும் இரட்டையரின் பாடல்களை வெளியிட்டதும் ஒரே பிக் மெஷின் குழுமத்தின் நிறுவனங்கள்தாம். எப்படிப் போனாலும் கல்லா ஒன்றே.

உண்மையான சேதம் வானொலியில் நிகழ்ந்தது. ஆண்கள் ஓட்டும் டிரக்கில் பெண்கள் அமர்ந்து போகும் பாடல்களே வரிசையாக ஒலித்தபோது, பெண்கள் தாமே பாடும் பாடல்களுக்கு இடம் சுருங்கியது. 2015இல் ஒரு வானொலி ஆலோசகர், கன்ட்ரி வானொலி என்ற சாலட்டில் ஆண்கள் கீரை, பெண்கள் தக்காளித் துண்டுகள் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். இந்தக் குற்றத்தை இரண்டு இளைஞர்களின் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். ஆனால் அந்தக் காலத்தின் முகமாக அவர்கள் இருந்தார்கள் என்பதை மறைக்கவும் முடியாது.

இவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இரண்டாம் ஆல்பத்திலிருந்து முதலாவதாக 2014இல் வெளியிடப்பட்ட ‘டர்ட்’, மண்ணைப் பற்றிய நிதானமான பாட்டு. விதைப்பது, விளையாடுவது, வீடு கட்டுவது, கடைசியில் புதைபடுவது எல்லாம் அதே மண்ணில். 2016இன் ‘ஹோலி’ தேவாலய மொழியைக் காதலுக்குக் கொண்டுவந்து 18 வாரம் முதலிடத்தில் இருந்தது. ‘குரூஸ்’ அவர்கள் கூட்டாக எழுதியது. முதிர்ச்சியைக் காட்டிய இந்த இரண்டும் பிறர் எழுதித் தந்தவை. கொண்டாட்டத்தை எழுதத் தெரிந்தவர்கள் அதற்குப் பிந்தைய வாழ்க்கையைப் பாடப் பிறரிடம் சொல் தேட வேண்டியிருந்தது என்றே இதை நான் வாசிக்கிறேன். மேடைக்கு வெளியே கொண்டாட்டம் சரக்காகிவிட்டிருந்தது: பீச் பழமும் பீக்கன் கொட்டையும் கலந்த சுவையில் ஒரு விஸ்கி, 2017இல் நாஷ்வில் நகர மையத்தில் தங்கள் பெயரில் ஒரு பெரிய மதுக்கூடம். 2019இல் வந்த ஆல்பத்துக்கு, ‘நான் கன்ட்ரி இல்லை என்று சொல்ல முடியாது’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்தும் வாசலில் நின்று அடையாள அட்டை காட்டும் குரல் அது.

பிரிவுக்கான விதை, என் பார்வையில், குழுவின் அமைப்பிலேயே இருந்தது. முன்னணிக் குரல் ஏறக்குறைய எப்போதும் ஹப்பர்டுடையது. 2017இல் பாப் பாடகி பீபி ரெக்ஸாவோடு சேர்ந்து வந்த ‘மென்ட் டு பி’ 50 வாரம் கன்ட்ரிப் பட்டியலின் முதலிடத்தில் அமர்ந்தது. அதை எழுதிய நால்வரில் ஹப்பர்ட் உண்டு, கெல்லி இல்லை. பெயரில் பாதி, பாட்டில் இணைக்குரல் என்ற நிலையில் ஒருவர் எத்தனை ஆண்டு இருக்க முடியும்? 2020 அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் அரசியல் கருத்து வேறுபாட்டால் ஹப்பர்ட் சமூக ஊடகத்தில் கெல்லியைப் பின்தொடர்வதைச் சில நாள் நிறுத்தியது பெரிய செய்தியானது. அது அறிகுறி மட்டுமே. 2021இல் கெல்லி தனி ஆல்பம் வெளியிட்டார். தனியாகப் பாட விரும்பியவர் கெல்லி என்றும், குழுவையும் தனிவழியையும் ஒன்றாக நடத்துவது தனக்குச் சரிப்படவில்லை என்றும் ஹப்பர்ட் பின்னர் சொன்னார். 2022இல் இடைவெளி என்று அறிவித்து, கோடை இறுதியில் மினசோட்டா மாநிலச் சந்தையில் பாடியதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு தனிப்பாட்டில் ஹப்பர்ட் வானொலியின் முதலிடத்தைப் பிடித்தார். கெல்லிக்கு அந்த அளவு அமையவில்லை.

அவர்கள் மறைந்துவிட்டார்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம். அவர்களுக்குப் பின் வந்த கன்ட்ரிப் பாடகர் மார்கன் வாலனின் முதல் வானொலி முதலிடப் பாட்டான ‘அப் டவுன்’ இவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தது. அவருடைய ஆல்பங்களைத் தயாரித்தவரும் அதே ஜோயி மோய். கிட்டார் சுவர், இயந்திரத் தாளம், பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட உச்சரிப்பு எல்லாம் அங்கே தொடர்கின்றன. ஒரு மாற்றம் உண்டு. வாலனின் பாடல்களில் குடித்தவனுக்குத் தலை வலிக்கிறது, போனவள் திரும்பி வருவதில்லை. உங்கள் மகன் இப்போது எதைக் கேட்கிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்