ஊசியால் நீர் எடுத்தால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டி வருமா?

கேள்வி: எனக்கு 53 வயது. முத்தையன்கட்டுப் பக்கம் வயலும் கச்சானும் செய்கிறோம். கச்சானுக்குக் களை பிடுங்கிய நாளிலிருந்து ஒரு மாதமாக வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. குந்தி எழும்ப முடியவில்லை. நீர் கோத்திருக்கிறது, ஊசியால் எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒருமுறை எடுத்தால் பிறகு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஊரில் பயப்படுத்துகிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணையின் மூத்திரம் போகிற குளிசையைப் பாதி பாதியாகப் போட்டு, தண்ணீர் குடிப்பதையும் குறைத்துப் பார்த்தேன். வீக்கம் வற்றவில்லை. அந்தக் காலில் 2009 இல் பட்ட செல்பீஸ் (ஷெல் குண்டுத் துண்டு) ஒன்றும் இருக்கிறது.

பதில்: அம்மா, அந்தக் குளிசையை இன்றைக்கே நிறுத்துங்கள். தண்ணீரை வழக்கம்போலக் குடியுங்கள். முழங்காலில் தேங்கியிருப்பது நீங்கள் குடித்த தண்ணீர் இல்லை. மூட்டின் உட்புறத்து மெல்லிய சவ்வு சுரக்கும் வழுவழுப்பான நீர் அது. நல்ல முழங்காலில் அது ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. உள்ளே குருத்தெலும்பு தேய்ந்தாலோ, ஏதாவது கிழிந்தாலோ, சவ்வு புண்பட்டு அளவுக்கு மேல் சுரக்கத் தொடங்கும். மூத்திரக் குளிசை அதை வற்றச் செய்யாது. வெயிலில் நிற்கிற உங்களுக்குத் தலைச்சுற்றைத்தான் தரும். இரத்தத்தில் யூரிக் அமிலத்தையும் ஏற்றும், அதுவே சிலருக்கு மூட்டை வீங்க வைத்துவிடும்.

இனி ஊசி. ஊற்றுக்கண் திறந்த கிணற்றை மாலையில் இறைத்தால் விடியும்போது மறுபடி ஊறியிருக்கும். அதற்கு இறைத்தவரைக் குறை சொல்ல முடியுமா? நீர் திரும்பி வந்தால், அதை வரவைத்த காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே பயப்படாமல் எடுங்கள். ஆனால் ஏன் சேர்ந்தது என்று கேட்காமல் எடுத்துவிட்டு வராதீர்கள்.

அந்த நீரே பாதி விடையைச் சொல்லும். ஊசிக்குள் வைக்கோல் நிறத்தில் தெளிவாக ஏறினால் பெரும்பாலும் தேய்மானம். கலங்கலாக வந்தால் வாதமோ, யூரிக் அமில உப்போ, கிருமியோ என்று ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். விழுந்து சில மணி நேரத்துக்குள் வீங்கிய காலில் இரத்தம் வந்தால் உள்ளே எலும்புகளை இணைக்கும் நாண் அறுந்தோ எலும்பு உடைந்தோ இருக்கக்கூடும். உங்கள் வயதையும் குந்தியிருந்து செய்யும் வேலையையும் பார்த்தால் தேய்மானத்தைத்தான் முதலில் நினைக்கிறேன். கையால் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இப்போது கட்டிலில் இரண்டு காலையும் நீட்டி, முழங்காலுக்குச் சற்று மேலே இரு தொடைகளையும் பிடித்துப் பாருங்கள். வலது தொடை மெலிந்து தொளதொளவென்று இருக்கும் என்று நினைக்கிறேன். மூட்டில் நீர் நிறைந்தால் தொடையின் முன்தசை சோர்ந்துவிடும். தசை சோர்ந்தால் பாரம் முழுதும் மூட்டில் இறங்கும், மூட்டு இன்னும் சுரக்கும். இந்தச் சுழலை உடைக்க மருந்தைவிடத் தசைதான் உதவும். குதிக்காலின் கீழ் ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கள். முழங்காலைக் கட்டிலில் அழுத்துவதுபோலத் தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. சுகமாக இருக்கிறதென்று முழங்காலின் கீழ் தலையணை வைத்துப் படுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கால் மடங்கியே இறுகிப்போகும். வீக்கம் வற்றும்வரை களைக்குக் குந்தாமல் சிறிய முக்காலியில் இருந்து பிடுங்குங்கள். மாலையில் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைக் கால் மணி நேரம் வையுங்கள். வீங்கிய மூட்டை எண்ணெய் போட்டு அழுத்தி உருவ விடாதீர்கள்.

பாமசியில் நோக்குளிசை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். டைக்குளோபெனாக் போன்றவை நாட்கணக்கில் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் எத்தனை விவசாயக் குடும்பங்களை வாட்டியிருக்கிறது! வலிக்குப் பரசிட்டமோல் போதும், அதுவும் அளவோடு. அதைவிடப் பலமானது வேண்டுமென்றால் முதலில் இரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலோடு முழங்கால் சூடாகிச் சிவந்து, கொஞ்சமும் மடக்க விடாமல் வலித்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். கிருமி புகுந்த மூட்டில் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இரவானாலும் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலும் அப்படியே செய்யுங்கள்.

மற்றபடி இந்தக் கிழமைக்குள் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், நின்ற நிலையில் ஒரு எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். தேய்மானமும் தெரியும், செல்பீஸ் எங்கே கிடக்கிறது என்பதும் தெரியும். அது மூட்டுக்குள்ளேயே இருந்தால் இத்தனை வருடம் கழித்தும் நீர் சுரக்க அதுவே காரணமாகலாம். எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினால் அந்த மெஷின் காந்தத்தால் இயங்குவது, உடம்பிலுள்ள இரும்பை அசைத்துவிடக்கூடும். கேட்காவிட்டாலும், உள்ளே போக முன்னம் செல்பீஸ் இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லுங்கள்.