புதுச்சேரிக்குத் தனியாகச் செல்லும் பெண்ணுக்கு: வாய்க்காலின் மேற்குக் கரையிலிருந்து தொடங்குங்கள்

பெண் ஒருவர் தனியாகப் புதுச்சேரிக்குச் செல்வது பாதுகாப்பானதா என்றும், அந்த ஊரின் காலனிய வரலாற்றை உணர்ந்து, அங்கு வாழ்பவர்களுக்கு இடைஞ்சல் தராமல் சுற்றிப் பார்ப்பது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அநேகமாகச் சென்னையிலோ கோவையிலோ வேலை பார்ப்பவர்; வீட்டில் இன்னும் சொல்லவில்லை; சொன்னால் "கூட யாரு வர்றா?" என்ற கேள்வி வரும் என்பதால் முதலில் இங்கே கேட்கிறீர்கள் என்று நானாகவே எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நாற்பதைக் கடந்த பிறகும் அதே கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வாகனங்களை விடுவதில்லை. குடும்பங்களும் நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்களும் இரவில் வெகுநேரம் வரை அங்கே இருப்பார்கள். அந்தச் சாலையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு தொல்லையும் நேர்ந்ததில்லை. வார இறுதி இரவுகளில் மதுக்கடைகள் நிறைந்த தெருக்களும் பேருந்து நிலையத்தின் சுற்றுப்புறமும் வேறு கதை. மலிவாகக் குடிப்பதற்கென்றே வெளியூரிலிருந்து கும்பலாக வருபவர்களால்தான் அங்கே பிரச்சினை. உள்ளூர்க்காரர்களே அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கிறார்கள். ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள், மீட்டரை நம்ப வேண்டாம். புதுச்சேரி அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரைப் பிடித்துப்போனதால்தான் மீண்டும் மீண்டும் வருகிறேன்.

உண்மையான தொல்லை எனக்குத் தெருவில் வரவில்லை, விடுதி வரவேற்பறையில்தான் வந்தது. தொலைபேசியில் அறை சொல்லி, முன்பணமும் அனுப்பிவிட்டு, திருச்சியிலிருந்து விழுப்புரம் வழியாகப் பேருந்து மாறி வந்து இறங்கினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். "கூட யாரும் வரலையா மேடம்?" என்றார். இல்லை என்றேன். "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்ல மேடம், ஓனர் ஆர்டர்" என்றார். அதே நேரத்தில் பை குலுங்கினால் கண்ணாடிச் சத்தம் கேட்கும்படி வந்த நான்கு இளைஞர்கள் ஒரு கேள்வியும் இல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். வயதுக்கு வந்த பெண் தனியாக அறை எடுக்கக் கூடாது என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. நான் தணிக்கைத் துறையில் வேலை பார்ப்பவள் என்பதால், அந்த உத்தரவை எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்டேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. முன்பணத்தை முழுமையாகத் திருப்பி வாங்கிய பிறகே அங்கிருந்து நகர்ந்தேன். விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு விடுதியைத் திட்டித் தீரும் வழக்கம் அல்ல இது. ஆண்கள் குடித்துவிட்டு ரகளை செய்வார்கள் என்பதற்காக எவரும் ஆண்களுக்கு அறையை மறுப்பதில்லை, பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்துவிடும் என்பதற்காக மட்டும் பெண்ணுக்கு மறுக்கிறார்கள். இதைப் பாதுகாப்பு என்று சொல்பவர்களோடு வாதிட எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் முன்பதிவு செய்யும்போதே "நான் பெண், தனியாக வருகிறேன்" என்று எழுதி, சரி என்ற பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, கடைசியில் முல்லா வீதிப் பக்கம், முஸ்லிம்கள் வாழும் பகுதியில், ஒரு சிறிய விடுதியில் அறை கிடைத்தது. அங்கிருந்த பெரியவர் ஆதார் அட்டையை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த விடுதி பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது. புதுச்சேரியை மேற்கிலிருந்து பார்க்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

பெரிய வாய்க்கால் என்பது நகரத்தை வடக்கு தெற்காக வகுந்து செல்லும் ஒரு கழிவுநீர்க் கால்வாய், அவ்வளவுதான். நாற்றமும் உண்டு. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அதற்குக் கிழக்கே கடல் வரை வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். இன்று சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் கிழக்குப் பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் புதுச்சேரியைப் பார்த்துவிட்டோம் என்று திரும்புகிறார்கள். மேற்கே வைசியாள் வீதியில் காலை ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு ஒட்டிக் கட்டப்பட்ட திண்ணைகளும், தெருவை நோக்கி இறங்கும் தாழ்வாரங்களும், அவற்றைத் தாங்கும் மரத்தூண்களும் வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்ற எண்ணத்தில் எழுந்தவை. வாய்க்காலைத் தாண்டினால் வீடுகள் உயர்ந்த மதிலுக்கும் வளைவு வாயிலுக்கும் உள்ளே பின்வாங்கிவிடுகின்றன, தோட்டம் தெருவின் கண்ணில் படுவதில்லை. ஆளவந்தவர்கள் தெருவை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்களோடு தமிழ் வீடு, மேல்தளத்தில் சுதைத் தூண்களோடு பிரெஞ்சு வீடு. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், இருந்த அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவு, துணி வணிகம், ஊர்ப் பூசல், ஆளுநரின் கோபம் எல்லாம் இருக்கின்றன. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரத்தில், சம்பா கோயில் எனப்படும் கத்தோலிக்கத் தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்ததை நெஞ்சு பதைக்க அதில் எழுதியிருக்கிறார். இன்று நாம் வழிபடும் வேதபுரீசுவரர் கோயில் பின்னாளில் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. அந்த நாட்குறிப்பில் டூப்ளேயின் மனைவி பொல்லாதவராகவே வருகிறார். புதுச்சேரியிலேயே பிறந்து தமிழ் பேசிய அந்தப் பெண்ணை நல்லவர் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் ஆண்கள் ஆண்ட ஊரில் கெட்டதற்கெல்லாம் அவரைக் காரணம் காட்டும் இடங்களை ஒரு பெண்ணாகச் சற்று நிதானித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை 1761 ஜனவரியில் இறந்தார்; சில நாள்களில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, அவர்கள் கோட்டையையும் வெள்ளை நகரத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே மஞ்சள் சுவர் கட்டடங்களில் நீங்கள் காண்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. நேர்க்கோட்டுத் தெருக்களைக்கூடப் பிரெஞ்சுக்காரரின் சாதனையாகச் சொல்வார்கள். அந்த அமைப்பை வகுத்தவர்கள் 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள்.

இனி, இடைஞ்சல் தராமல் பார்ப்பது எப்படி என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரோமன் ரோலன் வீதியில் ஒரு காலைப்பொழுதில் திருமணப் படப்பிடிப்புக் குழு ஒன்று ஒரு வீட்டின் நீலக் கதவை மறித்து விளக்குகளை நிறுத்தியிருந்தது. மணப்பெண் கதவின் வளையத்தைப் பிடித்தபடி நின்றாள். எதிர்ச் சுவரோரம் கையில் ரொட்டிப் பையோடு எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி நின்றிருந்தார். அவரும் வேடிக்கை பார்க்கிறார் என்று முதலில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். "யாருக்காகவாவது காத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். "எங்க வீடும்மா அது. அவங்க முடிக்கட்டும்னு நிக்கிறேன்" என்றார்.

நான் போய்ச் சொன்னதும் அந்த இளைஞர்கள் உடனே விலகினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பண்பற்றவர்கள் அல்லர், அது ஒருவர் குடியிருக்கும் வீடு என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. அந்த அம்மா என்னை உள்ளே அழைத்து மோர் கொடுத்தார். கணவர் பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவர், அந்த ஊரில் சொல்தா என்பார்கள். இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன, ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், பிரான்சுத் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கிறார். "தினமும் யாராவது கதவுல சாஞ்சு நிப்பாங்க. திறக்கும்போது உள்ள விழுந்தாங்கன்னா பயமா இருக்கு" என்று சிரித்தார். தனியாக வந்தது பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆணாக இருந்திருந்தாலோ கூட்டமாக வந்திருந்தாலோ என்னை உள்ளே அழைத்திருப்பாரா என்பது ஐயமே. தனியாகப் போகும் பெண்ணுக்கு இப்படிப்பட்ட கதவுகள் திறக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டுக்குள் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். அவர் வீட்டுக்குள் நான் ஒரு படமும் எடுக்கவில்லை, எண்ணையும் கேட்கவில்லை.

"மஞ்சள் சுவருக்கு முன்னால் படம் எடுப்பது குற்றமா, இதற்கெல்லாம் வரலாறு வேண்டுமா" என்று சிலர் கேட்பார்கள். குற்றமில்லை, நானும் எடுத்திருக்கிறேன். பொதுக் கட்டடத்தின் முன் எடுங்கள். வாசற்படியில், சன்னலில், கதவு வளையத்தில் கை வைக்காதீர்கள். காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தேவாலயமோ மசூதியோ கோயிலோ, வழிபாடு நடக்கும்போது பின்வரிசையில் அமர்ந்திருங்கள். முஸ்லிம் தெருக்களிலும் மீனவர்கள் வாழும் வைத்திக்குப்பத்திலும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபத்தில் எல்லோரும் படமெடுக்கிறார்கள். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அதுதான். அது ஆயி மண்டபம், ஆயி என்ற தேவதாசியின் பெயரால் நிற்பது. விளக்கொளியில் அவள் வீட்டைக் கோயில் என்று எண்ணிக் கிருஷ்ணதேவராயர் வணங்கிவிட்டார். உண்மை தெரிந்ததும் சினந்து இடிக்கச் சொன்னார். அவளே வீட்டை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. முத்திரைப்பாளையத்து நீரை நகரத்துக்குக் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் நினைவாக மண்டபம் எழுந்தது. கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு. ஆளுநர் மாளிகைக்கும் சட்டமன்றத்துக்கும் பக்கத்தில், நகரத்தின் நட்டநடுவில், ஆட்சியாளர் எவர் பெயரும் இல்லாமல் ஒரு தேவதாசியின் பெயர் நிற்கிறது. அங்கே அரை மணி நேரம் உட்காருங்கள்.

காப்பிக் கடைகளும் பேக்கரிகளும் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் கடற்கரையில் நின்று கடலைப் பார்க்கும்போது, 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து ரீயூனியனுக்கும் மர்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட தமிழர்களை, பெண்களையும் சேர்த்து, நினைக்காமல் அந்த ஊரை அழகு என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் போராட்டத்தின் விளைவு. பயணக் கையேடுகளில் இதைத் தேடிப் பார்த்தேன், என் கையில் கிடைத்த எதிலும் இல்லை.

எப்போது போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரி நடப்பதற்கு ஏற்றவை. மாசிமகத்தன்று மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரத் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடலுக்கு வரும். பெண்கள் கூட்டம் நிறைந்த நாள் அது, தனியாகச் செல்பவருக்கு ஒரு கவலையும் இல்லை. பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14இல் சொல்தாக்கள் பதக்கம் அணிந்து போர் நினைவுச் சின்னத்துக்கு வருவார்கள். ஆகஸ்ட் 16ஆம் தேதி, 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததன் நினைவாகக் கீழூரில் விழா; 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்த இடம் அது. இரண்டையும் ஒரே ஆண்டில் பார்க்க முடிந்தால் பாருங்கள். பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் அடைக்கலமாக இருந்தார். அவர் வாழ்ந்த ஈசுவரன் தருமராசா கோயில் வீதி வீடு நினைவில்லமாக இருக்கிறது, ஒரு முற்பகலை அதற்கு ஒதுக்குங்கள். புதுச்சேரி அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால், விடுப்பு எடுப்பதாக இருந்தால் செவ்வாய் முதல் வியாழன் வரை எடுங்கள். அந்த நாள்களில் வெளியூர்க் கும்பலும் குறைவு, அறை வாடகையும் குறைவு.