அரசியலால் பிளவுபட்ட சபையில் கலந்துரையாடல் வகுப்பு நடத்துவது எப்படி?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வளர்ந்தோருக்கான வேதவகுப்பு நடக்கிறது. முப்பது பேர் வரை வருவார்கள். யாழ்ப்பாணம், மலையகம், கொழும்பு என மூன்று இடத்துச் சனமும் உண்டு. 2024 தேர்தல்களின்போது வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய வாக்குவாதத்தால் இரண்டு குடும்பங்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டன. அரசியலைப் பற்றியே ஒரு தொடர் வகுப்பு வைத்தால் பிளவு ஆறுமா, கூடுமா? சிங்கள ஆராதனைக்கு வருபவர்களையும் சேர்க்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் இப்போதைய வகுப்பின் அமைப்பிலேயே வைத்தால் பிளவு கூடும். ஒருவர் முன்னால் நிற்க, முப்பது பேர் வரிசையாக இருக்கும் அறையில் அரசியலைத் திறந்துவிட்டால் நன்றாகப் பேசத் தெரிந்த நாலு பேர்தான் பேசுவார்கள். மற்றவர்களின் மௌனத்தை அந்த நாலு பேரும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இலக்கைச் சிறிதாக வையுங்கள். தொடர் முடியும்போது ஒவ்வொருவராலும், தான் எதிர்த்து வாக்களித்த பக்கத்தின் நியாயத்தை எடுத்துச் சொல்ல முடிய வேண்டும். அதைக் கேட்ட எதிர்ப்பக்கத்தார் "ஓம், அதைத்தான் நான் சொன்னனான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு போதும். யாரும் கட்சி மாறத் தேவையில்லை.

போதகர் நடத்தக்கூடாது. அவர் கருத்துச் சொன்ன பிறகு எங்கள் சபைகளில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆரம்ப ஜெபத்தோடு அவர் விடைபெறுவது நல்லது. முப்பது பேரை நாலு வட்டமாகப் பிரியுங்கள், வட்டத்துக்கு ஏழெட்டுப் பேர். மேசை வேண்டாம். கணவனும் மனைவியும் வேறுவேறு வட்டங்களில் இருக்கட்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு நெறியாளர். நேரத்தைப் பார்ப்பதும் முறையைக் காப்பதும் மட்டுமே அவர் வேலை, தன் கருத்தைச் சொல்லக்கூடாது. சபையில் தேர்தல் வேட்பாளரோ கட்சி அமைப்பாளரோ இருந்தால் அவர் உறுப்பினராக வரலாம், நெறியாளராக வேண்டாம்.

ஒரு அமர்வுக்கு 90 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு அமர்வுகள். தேநீரைத் தொடங்குமுன்பே கொடுத்துவிடுங்கள். பசியோடு பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பவர் யாருக்கும் காது கொடுக்கமாட்டார். முதல் 10 நிமிடம் விதிகளுக்கு. பின்பு ஒவ்வொருவரும் 3 நிமிடம் பேச வேண்டும். இடையில் பதிலோ தலையாட்டலோ கூடாது. பேச விருப்பமில்லாதவர் "பிறகு" என்று சொல்லி விலகலாம். அடுத்த சுற்றில் ஒவ்வொருவரும் தன் இடப்பக்கத்தில் இருப்பவர் சொன்னதை 1 நிமிடத்தில் திருப்பிச் சொல்ல, சொன்னவர் 1 நிமிடத்தில் திருத்துவார். இந்தச் சுற்றை நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். ஆட்கள் உண்மையில் கேட்கத் தொடங்குவது, தான் கேட்டது பிழை என்று திருத்தப்படும் அந்த நேரத்தில்தான். அதன் பின் 25 நிமிடம் கேள்விகள், கடைசியில் ஆளுக்கொரு நிமிடம்.

எல்லாவற்றையும் விடக் கேள்வியை எப்படி அமைக்கிறீர்கள் என்பதில்தான் இந்த வகுப்பு நிற்கும், விழும். மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும் அரசியலமைப்புத் திருத்தத்தை வைத்து "13ஆவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டுமா?" என்று தொடங்கினால் ஆம், இல்லை என்று அறை இரண்டாகும். "ஒரு அரச அலுவலகத்திலோ பொலிஸ் நிலையத்திலோ உங்கள் மொழியில் காரியம் பார்க்க முடியாமல் போனதுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் ஏழு அனுபவங்கள் வரும். அதிகாரப் பகிர்வு அந்த அனுபவங்களுக்குள் தானாக வந்துவிடும். 13ஐ ஐந்தாவது அமர்வுக்கு வையுங்கள்.

தமிழருக்குள்ளேயே பிரச்சினையின் தொடக்கம் ஒன்றல்ல என்பதையும் மறக்காதீர்கள். யாழ்ப்பாணத்தவர் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தில் தொடங்கி 1983இன் கலவரம், 2009இன் போர் முடிவு என்று வருவார்கள். மலையகத்தவரில் பலருக்கு அது தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டத்திலும், அவர்களில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலும் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டைப் பேசாமல் "தமிழர் நிலைப்பாடு" என்று யாராவது தொடங்கினால் அறையில் பாதிப்பேர் மனதால் வெளியே போய்விடுவார்கள். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐச் சிங்களத் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி வென்றது. ஆகவே யார் எந்தப் பக்கம் என்பதை ஊரை வைத்து ஊகிக்கவும் முடியாது. இரண்டாம் அமர்வை முழுக்க "எங்கள் வீட்டில் இந்தப் பிரச்சினை எந்த ஆண்டில் தொடங்கியது?" என்ற ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள்.

போர் நான்காவது அமர்வுக்கு முன் வரக்கூடாது. மே 18 (போர் முடிந்த நாள்), ஏப்ரல் 21 (2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நாள்) ஆகிய நாட்களை ஒட்டிய வாரங்களில் அமர்வே வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயோ மனைவியோ வட்டத்தில் இருந்தால் நெறியாளர் அந்த அமர்வுக்கு முந்தின நாளே அவரோடு தனியாகக் கதைத்து, என்ன கேட்கப்படும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். யாராவது அழுதால் பாட்டோ ஜெபமோ தொடங்கி அதை மூடிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, தொடர விருப்பமா என்று கேளுங்கள்.

கடைசி அமர்வுக்கு அமெரிக்காவில் இருந்து ஒரு முறையை எடுக்கலாம். அங்கே 2016 தேர்தலுக்குப் பின் உருவான பிரேவர் ஏஞ்சல்ஸ் என்ற அமைப்பில் ஒரு பக்கத்தார் உள்வட்டத்தில் இருந்து பேச, மறுபக்கத்தார் வெளிவட்டத்தில் வாய்திறக்காமல் கேட்பார்கள். பிறகு இடம் மாறுவார்கள். உள்வட்டத்துக்கு இரண்டு கேள்விகள்: உங்கள் பக்கத்தின் கொள்கைகள் நாட்டுக்கு ஏன் நல்லவை? உங்கள் பக்கத்தைப் பற்றி உங்களுக்குள்ள கவலை என்ன? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களே அதிகம் பயன் தருபவை. முதல் அமர்விலேயே இதைக் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

வேதவசனத்தில் கவனம் தேவை. அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரம் பொருத்தமான தொடக்கம்: கடும் தர்க்கத்தின் நடுவே கூட்டத்தார் அமைதியாக இருந்து கேட்டார்கள் என்று 12ஆம் வசனத்தில் வருகிறது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஆம் அதிகாரத்தை எடுத்து ஒருவர் மற்றவரின் வாயை மூட முயன்றால் நெறியாளர் உடனே நிறுத்த வேண்டும்.

புள்ளிவிவரத்தில் தகராறு வந்தால் போனை எடுத்துத் தேட விடாதீர்கள். தாளில் எழுதி வைத்து, இரு பக்கத்திலும் ஒவ்வொருவர் சேர்ந்து தேடி அடுத்த அமர்வுக்குக் கொண்டுவரட்டும். ஒலிப்பதிவு, படம், முகநூல் எதுவும் வேண்டாம். இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் பதிவுகளுக்காகவும் எழுத்துக்காகவும் ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள். வெட்டி ஒட்டிய ஒரு துண்டு யாரையும் மாட்டிவிடலாம். வாட்ஸ்அப் குழுவை அறிவித்தலுக்கு மட்டும் வைத்து, அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி மாற்றுங்கள். விலகிய இரண்டு குடும்பங்களையும் குழுவில் செய்தி போட்டு அழைக்காமல், இருவர் வீட்டுக்கே போய் அழையுங்கள்.

சிங்கள ஆராதனையினரை இந்த ஆறு அமர்வுகளிலும் சேர்க்க வேண்டாம். உங்களுக்குள் முறை பழகிய பின் இரண்டாவது தொடருக்கு அழையுங்கள், எண்ணிக்கை இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். பொதுமொழியாக ஆங்கிலத்தை எடுத்தால் படித்தவர் சபையாகிவிடும். அவரவர் தன் மொழியில் பேச, வட்டத்துக்கு ஒரு உரைபெயர்ப்பாளர் வேண்டும். பேச்சு ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுக்கும் என்பதால் வட்டத்தை ஆறு பேராகக் குறையுங்கள். உரைபெயர்ப்பவர் "அவர் சொல்கிறார்" என்னாமல் "நான்" என்றே பெயர்க்க வேண்டும். பெற்றோர் பேசுவதைப் பெயர்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். மரியாதைக்காகக் கடுமையான சொல்லை மென்மையாக்கிவிடுவார்கள், அந்தச் சொல் எதிரில் இருப்பவரிடம் போய்ச் சேராது.