பெர்மிட் காணி, சீதன வளவு, லண்டன் அண்ணா: காணி கேள்வி பதில்

கேள்வி: செங்கலடிப் பக்கம் அரை ஏக்கர் காணி பாதி விலைக்கு வருகிறது. பெர்மிட் காணிதான், ஆனால் நொத்தாரிசு வைத்து எழுதித் தருவார்களாம். எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்று தரகர் சொல்கிறார். வாங்கலாமா?
வாசகர், ஏறாவூர்

வேண்டாம் தம்பி. பெர்மிட் காணி அரச காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, இருந்து பயிர் செய்யத்தான் கொடுத்திருக்கிறார்கள், விற்க இல்லை. நொத்தாரிசு எத்தனை முத்திரை ஒட்டி எழுதினாலும் அந்தத் தாள் உங்களை உரிமையாளர் ஆக்காது. பெர்மிட்காரர் கண்ணை மூடினால் அவர் பெயர் கொடுத்து வைத்திருக்கும் பின்னுரித்தாளர் வந்து நிற்பார், அப்போது தரகரின் போன் வேலை செய்யாது. பத்து வருடம் இருந்துவிட்டால் நம்முடையதாகிவிடும் என்ற கதையும் தனியார் காணிக்குத்தான், அரசுக்கு எதிராக அது செல்லாது. பெர்மிட்டுக்குப் பதிலாக அரசு எழுதிக் கொடுக்கும் அளிப்புப் பத்திரம் (grant) உள்ள காணி என்றால் வேறு விஷயம், அதற்கும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் முதலில் வேண்டும்.

கேள்வி: ஆரையம்பதியில் 20 பேர்ச்சஸ் வளவு, பழைய வீட்டோடு, 30 இலட்சம். காணி உறுதி (பத்திரம்) அந்த வீட்டு மகளின் பெயரில் இருக்கிறது. முற்பணம் கொடுக்கலாமா?
வாசகி, கல்லடி

கொடுக்கமுதல் அந்த உறுதியைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். நம் பக்கத்தில் வீடு வளவு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, ஆனால் எழுதிக் கொடுக்கும் தாய் தகப்பன் பல வேளை தங்கள் ஆயுள் உரித்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஒரு வரிதான் இருக்கும், கண்ணில் படாது. பின்னறையில் வெற்றிலை இடித்துக்கொண்டு இருக்கிற அந்த அம்மா கையெழுத்துப் போடாமல் மகள் மட்டும் விற்றால், உறுதி உங்கள் பெயருக்கு வரும், வீடு வராது. அவர் காலம் முடியும்வரை அங்கே இருக்கவும் வாடகைக்கு விடவும் அவருக்கு உரிமை உண்டு. ஆகவே தாயும் சேர்ந்து அதே உறுதியில் ஒப்பமிட வேண்டும். சங்கடமாக இருக்கும்தான், ஆனாலும் கேளுங்கள்.

அப்புறம் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடுதல் எடுங்கள், ஈடு (அடகு) ஏதும் இருந்தால் அங்கேதான் தெரியும். எழுதி முடிந்ததும் பதிவை இழுத்தடிக்க விடாதீர்கள். இதே வளவை இன்னொருவருக்கும் விற்று, அவர் முந்திப் பதிந்துவிட்டால் நீங்கள் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியதுதான். முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், உங்கள் கணக்குக்கு 119,000 ரூபா. நொத்தாரிசு கூலி வேறு.

கேள்வி: லண்டனில் பிரஜாவுரிமை எடுத்த அண்ணா பாசிக்குடாவில் காணி வாங்க ஆசைப்படுகிறார். என் பெயரில் வாங்கலாமா?
வாசகர், வாழைச்சேனை

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி எழுத முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால் பிரச்சினை இல்லை, அதுதான் நேர் வழி. பெற்றோரின் காணி முதுசமாக வருவதற்கும் தடையில்லை. உங்கள் பெயரில் வாங்கினால் சட்டத்தின் கண்ணில் அது உங்கள் காணி. இன்றைக்கு அண்ணன் தம்பி ஒற்றுமை சரி, நாளைக்கு இரண்டு வீட்டு மருமக்களும் வந்த பிறகு?

கேள்வி: கல்முனைக்குக் கிட்ட வயல் நிரப்பித் துண்டு போட்டு விற்கிறார்கள். வாங்கிப் போட்டால் விலை ஏறுமா?
வாசகர், அக்கரைப்பற்று

ஏறுமா என்று பிறகு பார்ப்போம், மார்கழியில் ஒருமுறை போய்ப் பார்த்தீர்களா? நான் ஒரு தடவை ஆடி மாதத்தில் ஒரு துண்டைப் பார்த்து, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததில் மயங்கி முற்பணமும் கொடுத்துவிட்டேன். மார்கழியில் போனால் எல்லைக் கல்லைக் காணவில்லை, முழங்கால் தண்ணீரில் ஒரு பையன் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றான், இரண்டு பனையான் மீன் பிடித்தும் விட்டான். காணி மூலையில், தண்ணீர் நிற்கும் இடத்தில் வரும் பன் புல் முளைத்திருந்தது முதல் நாளே என் கண்ணில் பட்டதுதான், பாய்க்கு ஆகும் என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

வயலை வேறு தேவைக்கு மாற்ற 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். விற்பவரிடம் அந்தக் கடிதத்தையும், துண்டு போட்டதற்குப் பிரதேச சபையோ மாநகர சபையோ கொடுத்த அனுமதியையும் கேளுங்கள். போட்டோ கொப்பி காட்டினால் அதைத் தூக்கிக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்கு நீங்களே ஒரு நடை போய் வாருங்கள்.