கராஜ் சேல்: 20 டாலர் விளக்கை 5 டாலருக்குக் கேட்கலாமா?

கேள்வி: திருச்சியிலிருந்து கனடா வந்து, டொராண்டோ பக்கத்து மிசிசாகாவில் ஒரு பேஸ்மென்ட் (வீட்டின் நிலத்தடித் தளம்) வாடகைக்கு எடுத்திருக்கிறோம். எல்லாச் சாமானையும் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. போன சனிக்கிழமை காலை பக்கத்துத் தெருவில் நடந்த கராஜ் சேலுக்கு (வீட்டுக்காரர்கள் பழைய சாமானைக் கார் நிறுத்தும் கராஜ் வாசலில் பரப்பி விற்பது) போனோம். 20 டாலர் போட்டிருந்த ஸ்டாண்டு விளக்கை 5 டாலருக்குக் கேட்டேன், அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனிமேல் பேரமே பேசாதே என்கிறார் கணவர். இங்கே பேரம் பேசலாமா, கூடாதா? எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது? ஆகஸ்டில் குழந்தை பிறக்கப்போகிறது, தொட்டில் வாங்கலாமா? (வாசகி, மிசிசாகா)

பதில்: பேசலாம், தாராளமாகப் பேசலாம். விலைச் சீட்டு ஒட்டியிருந்தாலும் பேசலாம். கராஜ் சேல் போடுகிறவர்களுக்கும் இது தெரியும், குறைத்துக் கேட்பார்கள் என்றே இரண்டு மூன்று டாலர் கூட்டி எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் 20க்கு 5 என்று ஆரம்பிக்கிற கணக்கு நம்மூர் சின்னக்கடை வீதியோடு சரி. அங்கே கடைக்காரர் நீங்கள் கால் விலைக்குக் கேட்பீர்கள் என்று தெரிந்துதான் விலையே சொல்கிறார், நீங்கள் நாலடி நடந்ததும் கூப்பிடுவார் என்பது உங்களுக்கும் தெரியும். இங்கே மேசைக்குப் பின்னால் நிற்பவர் வியாபாரி இல்லை. அது அவர் வீட்டு விளக்கு, பத்து வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருப்பார். கால் விலைக்குக் கேட்டால், "உன் வீட்டுச் சாமான் குப்பை" என்று சொன்னதுபோல் அவர் காதில் விழுகிறது.

அதே சமயம் அவருக்கு அந்த 20 டாலர் பெரிய விஷயமும் இல்லை. அவருக்கு வேண்டியது கராஜில் இடம். குளிர்காலத்துக்குள் காரை உள்ளே நிறுத்தவேண்டும், அல்லது வீடு மாறப்போகிறார், அல்லது அம்மாவின் வீட்டைக் காலி செய்கிறார். மதியத்துக்கு மேல் மிச்சமானதையெல்லாம் மறுபடி பெட்டியில் போட்டு உள்ளே தூக்குவதை நினைத்தாலே அவருக்கு அலுப்பு. உங்கள் பேரம் அந்த அலுப்பைப் பார்த்துப் பேசவேண்டும். நாலைந்து சாமானைச் சேர்த்துக் கேட்டால் விலை சடாரென்று இறங்குவது இதனால்தான்.

உங்கள் விளக்கையே எடுத்துக்கொள்வோம். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மற்ற மேசைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். 6 டாலர் போட்ட ஒரு வாணலி, 4 டாலருக்கு ஒரு டப்பர்வேர் செட், மொத்தம் 30 ஆகிறது. இப்போது மூன்றையும் மேசையில் வைத்து, சிரித்த முகத்தோடு, "வுட் யூ டேக் ட்வென்டி ஃபார் ஆல் த்ரீ?" அவ்வளவுதான். கேட்ட பிறகு பேசாமல் இருங்கள், இது நம்மவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். நாம் கேட்ட கையோடு "புதுசா வந்திருக்கோம், பேஸ்மென்ட்ல இருக்கோம்" என்று ஆரம்பித்துவிடுவோம், அவரும் பதில் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு நிற்பார். அவர் யோசித்து 25 என்பார், அல்லது சரி என்பார். 25 என்றாலும் கொடுத்துவிடலாம், அதற்கு மேல் இழுத்தால் முகம் சுளிக்கும். ஒற்றைப் பொருள் என்றால் 20க்கு 14, 15 என்று ஆரம்பியுங்கள். காலையில் கால்வாசி குறைந்தால் நல்ல பேரம், பன்னிரண்டு மணிக்கு மேல் பாதி விலை கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

சாமானைக் குறை சொல்லி விலை குறைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கீறல் இருந்தால் காட்டலாம், "இதைப் போய் இந்த விலைக்கா" என்கிற தொனி ஆகாது. அதேபோல, சின்னப் பிள்ளைகள் தங்கள் பொம்மைகளைப் பரப்பி வைத்து விற்கும் மேசையில் பேரம் பேசுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தேவாலயத்துக்கோ உணவு வங்கிக்கோ பணம் போகிறது என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான்.

நேரம் பற்றி. இங்கே சீசன் மே நடுவில் சூடு பிடிக்கும், விக்டோரியா டே விடுமுறை வருகிற வார இறுதியையொட்டி. அது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை. செப்டம்பர் வரை ஓடும், மே-ஜூன் மாதங்கள்தான் உச்சம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பரப்பினால் ஒரு மணிக்கெல்லாம் எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். எட்டு மணிக்குப் போனால் நல்ல சாமான் கிடைக்கும், விலை குறையாது. அதிகாலையில் வந்திருக்கிறோம், முதல் போணி என்று சலுகை எதிர்பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் விற்பவர் முழு நம்பிக்கையில் இருப்பார். நீங்கள் விளக்குக் கேட்டதும் காலையில்தானே. கட்டாயம் வேண்டிய பொருளுக்குக் காலையில் போங்கள். கிடைத்தால் சரி என்கிற பொருளுக்கு மதியம் போங்கள். பெரிய மேசை, அலமாரி மாதிரி விஷயங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: காலையில் பார்த்து, "மதியம் வரைக்கும் போகவில்லை என்றால் 40க்கு நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு மணிக்கு மேல் அந்த மேசையை மறுபடி உள்ளே தூக்குவதா, உங்களைக் கூப்பிடுவதா என்று அவர் யோசிக்கும்போது சீட்டு கையில் இருக்கும்.

எந்த ஏரியா என்பதும் முக்கியம். மிசிசாகாவில் போர்ட் கிரெடிட், லோர்ன் பார்க் மாதிரி பழைய வீடுகள் உள்ள பக்கம் முப்பது நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் சாமானை ஒழிப்பார்கள். கனமான மர மேசை, இரும்புச் சட்டி, கருவிகள், பழைய உலோகத் தையல் மெஷின் எல்லாம் அங்கே வரும். சர்ச்சில் மெடோஸ், மில்டன் மாதிரி புதிய குடியிருப்புகளில் குழந்தைத் துணி, சைக்கிள், பொம்மை, பனிக்காலப் பூட்ஸ் நிறைய வரும். உங்களுக்கு இப்போது இரண்டும் வேண்டும். 'மூவிங் சேல்' என்று போட்டிருந்தால் பேரம் சுலபம், அவர்களுக்கு லாரி வரும் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். இறந்தவர் வீட்டுச் சாமானை விற்கும் 'எஸ்டேட் சேல்' இரண்டு மூன்று நாள் நடக்கும். அதைப் பெரும்பாலும் கமிஷனுக்கு ஆள் வைத்து நடத்துவார்கள், முதல் நாள் கறாராக இருந்துவிட்டு கடைசி நாள் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். ஒட்டாவா பக்கம் உறவுக்காரர் இருந்தால் மே கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளீப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள், அந்தப் பேட்டை முழுவதும் ஒரே நாளில் சாமானை வாசலில் பரப்பும், விற்பதில் ஒரு பங்கை உணவு வங்கிக்குக் கொடுப்பார்கள்.

பணத்தைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். 5 டாலர் நோட்டுகள், லூனி (1 டாலர்), டூனி (2 டாலர்) நாணயங்கள். 12 டாலருக்கு அடித்துப் பேசிவிட்டு 50 டாலர் நோட்டை நீட்டினால் பேசிய பேச்சுக்கு மரியாதை இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து போனிலேயே பணம் அனுப்பும் இன்டராக் டிரான்ஸ்ஃபரும் பலர் வாங்குகிறார்கள். வியாபாரமாக நடக்கும் பழைய சாமான் கடைகளில் வாங்கினால் நம் மாகாணமான ஒன்டாரியோவில் பொதுவாக விலைக்கு மேல் 13 சதவீதம் எச்எஸ்டி என்கிற விற்பனை வரி சேரும், வீட்டுக்காரர் தன் சாமானை விற்கும் கராஜ் சேலில் அது கிடையாது.

இனி எதை வாங்கலாம். முதலில் வார்ப்பிரும்புச் சட்டி. தோசைக்கு அதைவிட நல்ல சாமான் இந்த ஊரில் இல்லை. கிரிஸ்வோல்ட், வாக்னர் என்று அடியில் எழுதியிருந்தால் அவை பழைய அமெரிக்க வார்ப்பு. இன்றைய சட்டிகள் பலவற்றின் உள்பக்கம் மணல் அச்சின் சொரசொரப்போடே வரும், அந்தக் காலத்தில் தேய்த்து வழவழப்பாக்கி விற்றார்கள், மாவு இழுக்கச் சுகமாக இருக்கும். துரு பார்த்துப் பயப்படவேண்டாம், துருவைச் சொல்லி விலையும் குறையும், வீட்டில் தேய்த்து எண்ணெய் பூசிக் காய்ச்சினால் போய்விடும். பார்க்கவேண்டியது வேறு. விரல் முட்டியால் தட்டுங்கள், மணி மாதிரி ஓசை வந்தால் நல்லது, பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். சமதளத்தில் வைத்து விளிம்பை அழுத்துங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது, பேஸ்மென்ட்டில் கண்ணாடி மேல்தள அடுப்பு என்றால் அந்தச் சட்டி சரிப்படாது. இன்னொன்று, தூண்டில் எடைக்கும் தோட்டாவுக்கும் ஈயம் காய்ச்சப் பழைய இரும்புச் சட்டிகளைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. சட்டியில் சாம்பல் நிற உலோகக் கறை ஒட்டியிருந்தாலோ, பக்கத்து மேசையில் அந்த மாதிரிச் சாமான்கள் இருந்தாலோ விட்டுவிடுங்கள். ஈயம் என்றதும் இன்னொன்று: பூப்போட்ட பழைய கோரல் (Corelle) பிராண்டு கண்ணாடித் தட்டுகள் மலிவாகக் கிடைக்கும், 2005க்கு முந்தையவற்றின் வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், சாப்பிட எடுக்காதீர்கள்.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் நம்மவர் வீடுகளில் சேல் போட்டால் வெட் கிரைண்டர், இட்லிப் பானை, பிரஷர் குக்கர் எல்லாம் வரும். அங்கே "அண்ணை, கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ" என்றால் மற்ற இடத்தில் செல்லாத பேரமெல்லாம் செல்லும், டீ கிடைத்தாலும் கிடைக்கும். கிரைண்டரில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து பெட்டியில் வந்திறங்கிய 230 வோல்ட் கிரைண்டரை, கூட வந்த டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துபோன பிறகு, மிகக் குறைந்த விலைக்குத் தள்ளுவார்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். கனடா மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 110 அல்லது 120 என்று போட்டிருந்தால்தான் பேச்சே. பிறகு பிளக்கைக் குத்தி இரண்டு நிமிடம் ஓட விடுங்கள், கருகல் வாடை வருகிறதா, குழவி அச்சில் ஆடுகிறதா என்று பாருங்கள். எந்த மின்சாதனத்துக்கும் இதே கதைதான். "பிளக் பாயிண்ட் இருக்கிறதா, போட்டுப் பார்க்கலாமா" என்று கேட்டால் நேர்மையான ஆள் எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து வருவார். சாக்குச் சொன்னால் ஓடாத சாமான் என்று வைத்துக்கொண்டு விலை கேளுங்கள், அல்லது நகருங்கள்.

தொடக்கூடாதவை என்றால் மெத்தை. சோபாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூட்டைப்பூச்சி பேஸ்மென்ட்டுக்குள் வந்துவிட்டால் நீங்கள் மிச்சம் பிடித்த எல்லாக் காசும் அதை விரட்டவே போகும். மர நாற்காலி, கட்டில் வாங்கும்போதுகூட ஆணித் துளைகளையும் இணைப்புகளையும் போன் வெளிச்சத்தில் பாருங்கள், பேனா மைப்புள்ளி மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். துணிகளை வீட்டுக்குள் பிரிக்காமல் நேரே டிரையரில் போட்டு அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினால் பயமில்லை. சைக்கிள் ஹெல்மெட்டும் வேண்டாம், ஒருமுறை அடிபட்டால் உள்ளே நுரை நசுங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

தொட்டில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் பதில், கராஜ் சேலில் வேண்டாம். பக்கவாட்டுத் தடுப்பு இறங்குகிற தொட்டில்களை விற்பது கனடாவில் 2016 கடைசியிலிருந்து தடை, ஆனாலும் பழைய வீடுகளின் கராஜ்களில் அவை கிடக்கின்றன, விற்பவருக்கே தடை விஷயம் தெரிந்திருக்காது. சக்கரம் வைத்த குழந்தை வாக்கருக்கு 2004இலேயே தடை வந்துவிட்டது. குழந்தையை உட்காரவைக்கும் கார் சீட்டுக்கு காலாவதித் தேதி உண்டு, விபத்தில் இருந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது, அமெரிக்காவில் வாங்கிய சீட்டில் கனடாவின் மேப்பிள் இலை முத்திரை இருக்காது என்பதால் இங்கே பயன்படுத்தவும் கூடாது. தொட்டிலுக்கும் கார் சீட்டுக்கும் புதிதாகச் செலவழியுங்கள். குழந்தைத் துணி, புத்தகம், குளிக்கும் தொட்டி, நீங்கள் உட்கார்ந்து பால் கொடுக்க ஆடும் நாற்காலி இவற்றில் அந்தக் காசைப் பிடித்துவிடலாம். ஆறு மாதத்தில் சிறிதாகிப்போன பாப்பா சட்டைகள், விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல், ஒரு டாலர் இரண்டு டாலருக்குக் கிடைக்கும். கை நிறைய அள்ளி "இது எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று கேளுங்கள், எண்ணிக்கூடப் பார்க்காமல் ஒரு தொகை சொல்லிவிடுவார்கள்.

பேஸ்மென்ட் என்பதால் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் கண்ணில் பட்டால் வாங்கத் தோன்றும், ஈரம் அப்படி. வாங்கலாம், ஆனால் கிரீ நிறுவனம் தயாரித்துப் பல பிராண்டு பெயர்களில் விற்ற டீஹியூமிடிஃபையர்களை, தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக 2013இல் திரும்பப் பெற்றார்கள். பிராண்டு பெயரைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அங்கேயே நின்று பின்பக்க மாடல் எண்ணை ஹெல்த் கனடா என்கிற அரசுச் சுகாதாரத் துறையின் ரீகால் (திரும்பப் பெற்ற பொருட்கள்) இணையப் பக்கத்தில் போனில் தட்டிப் பாருங்கள், ஸ்டிக்கர் கிழிந்து எண் தெரியவில்லை என்றால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.