குளிர்காலம் முழுக்க கராஜில் நிற்கும் கார்: வாராவாரம் ஸ்டார்ட் செய்யலாமா?

நான்கு மாதம் நிற்கப்போகும் காரை வாரம் ஒருமுறை 10 நிமிடம் ஓடவிட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த 10 நிமிடத்தில் எஞ்சின் ஆயில் சரியாகச் சூடாகாது. உள்ளே உண்டாகும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் அப்படியே தங்கிவிடும். ஸ்டார்ட் செய்யும்போது இழந்த சார்ஜும் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. அதைவிட முக்கியம், மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும்.

பேட்டரிக்கு, சார்ஜ் நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜரை மாட்டிவிடுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி கடுங்குளிரில் உறைந்து வெடிப்பு விடும். பெட்ரோலை நிரப்பி, அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது எஞ்சின்வரை போகும்படி ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அப்புறம், ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பிரேக் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.