முட்டியைக் குறை சொல்லும் முன் சிலிப்பரைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் டிரெஸ்ஸராக (தோட்ட மருத்துவ உதவியாளராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரியவர்களின் கால்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இதோ பதில்.

அம்மாவுக்கு 74 வயது. 30 ஆண்டுகள் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர். இப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். முட்டித் தேய்மானமா ஐயா?

இருக்கலாம், தங்கச்சி. அதற்கு முன் அவருடைய சிலிப்பரைத் திருப்பிப் பாருங்கள். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? வார் தளர்ந்திருக்கிறதா? தளர்ந்த சிலிப்பர் நழுவாமலிருக்க விரல்கள் அதைக் கவ்விக்கொள்ளும். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். குளியலறைப் படியில் கால் தட்டுவது அப்படித்தான். வயதானால் அடிப்பாதத்துக் கொழுப்பும் மெலிந்துவிடும். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றால் எலும்பே ஊன்றுவதுபோல் வலிக்கும். நம் தோட்டத்து அம்மாக்கள் வலியைச் சொல்லமாட்டார்கள், நடையைக் குறைத்துக்கொள்வார்கள்.

‘நடக்கவே மாட்டேன் என்கிறார்’ என்று ஒரு பாட்டியை என்னிடம் அழைத்து வந்தார்கள். பெருவிரல் நகம் ஆட்டுக்கொம்புபோல் வளைந்து பக்கத்து விரலைக் குத்திக்கொண்டிருந்தது. குனிந்து வெட்ட இடுப்பு வளையவில்லை; மருமகளிடம் காலை நீட்டக் கூச்சம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அராவினேன். எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

அப்பாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு). கால் ஆணிக்கு மருந்துக்கடை பிளாஸ்டர் ஒட்டலாமா?

கூடாது. அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம்; ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும். இனிப்புநீரால் உணர்ச்சி குறைந்த காலுக்கு அது தெரியாது. பிளேடால் சீவுவதும் வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை மாற்றியதிலிருந்து மாலையில் கணுக்கால் வீங்குகிறது.

அம்லோடிபின் என்றால் அப்படி ஆவதுண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பித்தவெடிப்புக்கு?

யூரியா கலந்த களிம்பு. குளித்ததும் தடவுங்கள், விரலிடுக்கில் வேண்டாம். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் கிளினிக்.

இனிப்புநீர் இருக்கும் மாமா, தைப்பூசத்துக்கு வெறுங்காலில்தான் பால்குடம் எடுப்பேன் என்கிறார்.

இதில்தான் எனக்கு வீட்டுக்கு வீடு சண்டை. கிளினிக்கில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டது தெரியவில்லை என்றால் வெறுங்கால் வேண்டாம். விடியற்காலையில் போனால் தார் சுடாது, சரி. கண்ணாடித் துண்டு குத்தினால்? முருகனுக்குக் கோபம் வராது, பூசாரியிடமே கேட்டுப் பாருங்கள். அப்படியும் போய்விட்டார் என்றால், வந்ததும் உள்ளங்காலை நீங்கள் பாருங்கள். அவர் ‘ஒன்றுமில்லை’ என்பதை நம்பாதீர்கள்.

அம்மாவுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும்.

மாலையில் போங்கள், கால் கொஞ்சம் உப்பியிருக்கும். இரண்டு பாதத்தையும் அளந்து, பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். பின்வார் இருக்கட்டும்.